எழுதினால் மனம் கனக்கிறதே!

கேள்வி: காலையில் நாட்குறிப்பு எழுதினால் மனம் தெளியும் என்கிறார்கள். எனக்கோ பழைய வருத்தங்கள்தான் கிளம்பி வருகின்றன. விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி

பதில்: விட்டுவிடாதீர்கள், அம்மா. அந்தப் பாரம் இயல்பானதுதான். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்களை உலுக்கிய நிகழ்வுகளை நாளுக்கு 15 நிமிடம் வீதம் 4 நாள் எழுதினார்கள். எழுதிய கையோடு அவர்களுக்கும் மனம் கனத்தது. ஆனால் நடந்ததையும் பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள், பின்வந்த மாதங்களில் மருத்துவரிடம் போவது குறைந்தது.

நானும் விடியலில் எழுதுகிறவள். கைப்பேசியைத் தொடுவதற்கு முன்பே. ‘கோபமாக இருக்கிறது’ என்று நிறுத்தமாட்டேன். யார் என்ன சொன்னார், எந்தச் சொல்லில் தொண்டை அடைத்தது, பதில் சொல்லாமல் எதை விழுங்கினேன், எல்லாம் வரும். கையெழுத்து கோணினாலும் அடித்துத் திருத்துவதில்லை. எனக்கு அதுவே பிரார்த்தனை. இறைவனிடம் ஒளிக்க என்ன இருக்கிறது?

ஒரே வருத்தம் நாள்தோறும் அதே சொற்களில் வந்தால், அது வெறும் அசைபோடுதல். அன்று நோட்டை மூடிவிட்டுச் சற்று நடந்துவிட்டு வாருங்கள். தூக்கமும் பசியும் கெட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம்.