ஒரே ஒரு வரி சொன்னால் போதும்

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 41. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். நாலு வருடத்துக்கு முன் வேறோர் இடத்தில் இருந்தேன். அங்கே உதவியாளராக வந்து சேர்ந்த ஒரு பெண்ணுக்கு வேலை பழக்கிவிட்டதே நான்தான். ‘அக்கா, அக்கா’ என்று என்னையே சுற்றி வருவாள். என் கணவருக்கு வேலை போய், நான் தூக்கம் வராமல் மாத்திரை போட்டுக்கொண்டிருந்த சமயம் அது. அந்த விஷயத்தை அவளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

பதவி உயர்வு முடிவாகும் வாரத்தில் மேலதிகாரி கூப்பிட்டார். “மாத்திரை எல்லாம் எடுக்கிறீங்களாமே, இந்தப் பொறுப்பைத் தாங்குவீங்களா?” என்றார். மாத்திரையின் பெயர்கூட அவருக்குத் தெரிந்திருந்தது. பதவி அவளுக்குப் போனது. மூன்றே மாதத்தில் நான் அங்கிருந்து விலகிவிட்டேன்.

போன வாரம் எங்கள் நிறுவனத்துக்கு வந்த விண்ணப்பங்களில் அவளுடையதும் ஒன்று. “உங்க பழைய ஆபீஸ்தானே, ஆள் எப்படி?” என்று மேலாளர் சாதாரணமாகக் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஒரே ஒரு வரி சொன்னால் போதும், அவள் கதை முடிந்தது. அந்த வரியைக் குளிக்கும்போதும் சமைக்கும்போதும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்க்கிறேன். அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, மறைக்கவில்லை. ராத்திரியில் மட்டும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. தூக்கமும் பழையபடி போய்விட்டது.

‘மன்னித்து மறந்துவிடு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எல்லாரும் சொல்லியாகிவிட்டது.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

சொல்ல மாட்டேன். மன்னிப்பது உங்கள் உரிமை. தேதி குறித்து அதைக் கேட்டு வாங்க என்னால் முடியாது.

முதலில் அந்தச் சந்தோஷம். அது உங்கள் குணக்கேடு என்று நினைக்காதீர்கள். சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் ஒரு சோதனை செய்தார்கள். பணம் வைத்து ஆடும் ஆட்டத்தில் தன்னை ஏமாற்றியவரைத் தண்டிக்க ஒருவர் முடிவெடுக்கும்போது அவருடைய மூளையைப் படம் பிடித்தார்கள். ஏதோ நல்லது கிடைக்கப்போகிறது என்னும்போது கிளர்ச்சியடைகிற பகுதி அப்போதும் விழித்துக்கொண்டது. நீங்கள் குளியலறையில் ருசிப்பது அந்த ‘கிடைக்கப்போகிறது’ என்பதைத்தான். கிடைத்த பிறகு நடப்பது வேறு.

2008-இல் கார்ல்ஸ்மித், வில்சன், கில்பர்ட் ஆகிய உளவியலாளர்கள் அந்தப் பிற்பாடு என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். ஏமாற்றியவரைத் தண்டிக்கச் சிலருக்கு வாய்ப்புக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. தண்டித்தால் மனம் ஆறும் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். ஆனால் தண்டித்தவர்களின் மனநிலைதான் மோசமாக இருந்தது. ஏமாற்றியவரைப் பற்றி அதிகம் நினைத்துக்கொண்டிருந்தவர்களும் அவர்களே. வாய்ப்புக் கிடைக்காதவர்கள் ‘சரி, போகட்டும்’ என்று அதைச் சின்ன விஷயமாக்கிக் கடந்துவிட்டார்கள். பழிவாங்கியவரால் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாதே! சின்ன விஷயம் என்றால் எதற்காகப் பழிவாங்கினோம்?

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஜெர்மானிய உளவியலாளர் மாரியோ கோல்விட்சரும் அவருடைய குழுவினரும் கண்டது இது: எதிராளி கஷ்டப்படுவதைப் பார்த்தால் மட்டும் பழிவாங்கியவருக்கு நிறைவு வருவதில்லை. ‘நான் செய்ததற்குத்தான் இது’ என்று எதிராளிக்கு உறைக்க வேண்டும். உங்கள் வரியோ மேலாளரின் அறையோடு நின்றுவிடும். அந்தப் பெண்ணைப் பொறுத்தவரை ஒரு விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை, அவ்வளவுதான். நீங்கள் நாலு வருடம் சுமந்தது அவர் காதில் விழவே விழாது. நீங்கள் மட்டும் புதிதாக ஒரு ரகசியத்தைச் சுமப்பீர்கள்.

மேலாளரிடம் இப்படிச் சொல்லலாம்: “அவரோடு நெருங்கிப் பழகியிருக்கிறேன். என்னால் நடுநிலையாகச் சொல்ல முடியாது. இந்த ஒரு தேர்வில் என்னை விட்டுவிடுங்கள்.” இதில் பொய் இல்லை, விஷமும் இல்லை. முகத்தைச் சுளிக்காமல் சொல்லுங்கள், சுளிப்பே ஒரு வரிதான்! ஒருவேளை அவரை உங்கள் பிரிவிலேயே போடப் பார்த்தால், “சேர்ந்து வேலை செய்ய எனக்குச் சிரமம்” என்று உங்கள் சிரமமாகவே சொல்லுங்கள். அவ்வளவுக்கு உங்களுக்கு உரிமை உண்டு.

இனி, கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது கண்ணில் பட்டது. ஒருவர் சாப்பிடும் மாத்திரையை வைத்து அவருடைய தகுதியை எடைபோட்டவர் அந்த மேலதிகாரி. காதில் விழுந்ததை நம்பி முடிவெடுத்தவரும் அவர்தான். அவர் மேல் உங்கள் கடிதத்தில் ஒரு கோபச் சொல்கூட இல்லை. ‘வேலை பழக்கிவிட்டதே நான்தான்’, ‘அவளிடம் மட்டும்தான்’ என்கிறீர்கள். இந்த இரண்டிலும் எனக்குக் கேட்பது ‘நான் ஏன் அவளை நம்பினேன்?’ என்ற கேள்வி. மேலதிகாரி மேல் போக வேண்டிய கோபமும் உங்கள் மேலேயே உங்களுக்குள்ள கோபமும் சேர்ந்து அந்தப் பெண்ணின் தலையில் இறங்கியிருக்கிறதோ என்று சந்தேகப்படுகிறேன். அந்தப் பெண் செய்தது துரோகம்தான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. மொத்தப் பாரத்தையும் அவர் ஒருவர் மேல் ஏற்றினால் அவர் மனசை விட்டு எப்படிப் போவார்?

வரியை ஒத்திகை பார்ப்பதை நிறுத்துங்கள் என்றால் நிற்காது. அதற்குப் பதில் எழுதுங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் தங்களை உலுக்கிய சம்பவங்களைத் தினம் 15 நிமிடம், நாலு நாள் எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு பாரம் கூடியதாகவே உணர்ந்தார்கள். பின்னால் வந்த மாதங்களில் உடல்நலக்குறைவென்று மருத்துவரைத் தேடிப் போவது குறைந்தது. உங்களுக்கும் முதல் இரண்டு நாள் கனமாக இருக்கலாம். தாங்க முடியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். முதல் நாள் எழுதுவது அந்த மேலதிகாரிக்கு இருக்கட்டும். இரண்டாம் நாள், அன்றைக்கு அந்தப் பெண்ணை நம்பிய உங்களுக்கே. அந்தப் பெண்ணுக்கு எழுதுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எதையும் அனுப்ப வேண்டாம்.

தூக்கம் இரண்டு மூன்று வாரத்தில் திரும்பாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். முன்பு மாத்திரை எடுத்ததையும் அவரிடம் சொல்லுங்கள். ஒரு முறை சொல்லிச் சுட்டுக்கொண்ட விஷயம், மறுபடி சொல்ல வாய் வராமல் போகலாம். அப்படியானால் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போய் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.