பத்து பிளைண்ட் கையில் இருக்கும்போது: சின்ன ஸ்டாக் கேள்வி பதில்

போக்கர் டோர்னமென்டில் சிப் குறைந்தபின், அதாவது ஸ்டாக் (கையிலுள்ள மொத்தச் சிப்) சின்னதானபின், எப்படி ஆடுவது என்பதைப் பற்றி மட்டும் இன்று கேளுங்கள். நோ லிமிட் ஹோல்டெம் (ஆளுக்கு இரண்டு சீட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம்) என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். பிளைண்ட் என்பது சீட்டு வருமுன்பே இருவர் கட்டாயம் போடும் தொகை; வெறுமனே 'பிளைண்ட்' என்றால் பெரிய பிளைண்ட். கணக்குகளில் ஒவ்வொரு கையிலும் சிறு பிளைண்ட் அரை, பெரிய பிளைண்ட் ஒன்று, ஆன்ட்டி (கூடுதல் கட்டாயத் தொகை) ஒன்று என மொத்தம் 2.5 பெரிய பிளைண்ட் நடுவில் இருக்கும்; மேசையைச் சுற்றி ஒரு சுற்று முடிய ஒருவருக்கு ஆகும் செலவும் அதே.

புதுக்கை: என்னிடம் 12,000 சிப் இருக்கிறது. இது சின்ன ஸ்டாக்கா?

பிளைண்ட் எவ்வளவு என்று சொல்லாமல் இதற்குப் பதில் கிடையாது. பிளைண்ட் 100 என்றால் நீங்கள் நிம்மதியாக ஆடலாம். 2,000 என்றால் ஆறு பிளைண்ட்தான், வீடு பற்றி எரிகிறது. சிப்பை எண்ணாதீர்கள், பிளைண்டை எண்ணுங்கள். இன்னொரு கணக்கும் உண்டு: போக்கர் ஆட்டக்காரர் பால் மாக்ரியல் சொன்ன 'எம்'. உங்கள் ஸ்டாக்கை ஒரு சுற்றின் செலவால் வகுத்தால், கை ஒன்றும் ஆடாமல் எத்தனை சுற்று உட்கார்ந்திருக்கலாம் என்று தெரியும். பத்து பிளைண்ட் இருந்தால் நான்கு சுற்று, அவ்வளவுதான்.

இரவுப்பறவை: பத்து பிளைண்டில் நல்ல கை வரும்வரை காத்திருப்பதுதானே புத்திசாலித்தனம்?

இந்தக் கேள்விக்காகத்தான் இன்று உட்கார்ந்தேன்.

'நல்ல கை' என்று பலர் மனதில் வைத்திருப்பது ஜோடிப் பத்து முதல் ஜோடி ஏஸ் வரை, கூடவே ஏஸ்-கிங். இரண்டு சீட்டுக்கு வரக்கூடிய 1,326 சேர்க்கைகளில் இவை 46. அதாவது சராசரியாக 29 கைக்கு ஒரு முறை. ஒன்பது பேர் மேசையில் 29 கை என்பது மூன்று சுற்றுக்கும் மேல். பத்து பிளைண்டோடு காத்திருக்கத் தொடங்கினால் அந்த ராணி ஜோடி வரும்போது கையில் இரண்டரை பிளைண்ட் இருக்கும். அதை இரட்டிப்பாக்கினாலும், காத்திருக்கத் தொடங்கிய இடத்தில் பாதிக்குத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

அதைவிடப் பெரிய நஷ்டம் இன்னொன்று. பத்து பிளைண்டில் பட்டனிலிருந்து (பிளைண்ட் போடுபவர்களுக்கு முந்தைய இடம்) ஆல் இன் (எல்லாச் சிப்பும்) போட்டால், பெரிய பிளைண்டில் இருப்பவர் 21.5 ஆகப் போகும் பாட் (நடுவில் சேரும் தொகை) வெல்ல ஒன்பது போட வேண்டும். அவருக்குச் சுமார் 42 சதவீத வெற்றி வாய்ப்பு தேவை. பல கைகளை அவர் மடக்கிவிடுவார், அதாவது போடாமல் விலகிவிடுவார். மூன்று பிளைண்டில் அதே ஆல் இன் போட்டால் அவர் போட வேண்டியது இரண்டு, பாட் 7.5. தேவை 27 சதவீதம்தான். வேறு சூட் (இரண்டு சீட்டும் வெவ்வேறு சின்னம்) 7-2 கூட ஏஸ்-கிங்குக்கு எதிரே ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை வெல்லும். ஆக அவர் எதை வைத்தும் கால் செய்யலாம் (நீங்கள் போட்டதற்கு ஈடாகப் போடலாம்). உங்கள் ஒரே ஆயுதம் அவர் மடக்கிவிடுவார் என்பது. நீங்கள் காத்திருந்து தொலைப்பது அதைத்தான்.

எண்ணில் பார்த்துவிடுவோம். பட்டனில் பத்து பிளைண்ட், ஆல் இன். நூற்றில் 60 முறை எல்லோரும் மடக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 2.5 லாபம். மீதி 40 முறை பெரிய பிளைண்ட் கால் செய்கிறார், உங்கள் கை வெறும் 38 சதவீதம்: சராசரி நஷ்டம் சுமார் 1.8. இரண்டையும் சேர்த்தால் ஒவ்வொரு முறையும் முக்கால் பிளைண்ட் லாபம். கால் செய்யும்போது பின்தங்கிய கையை வைத்தே இந்த லாபம்! இதை ஒருமுறை காகிதத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஸ்பேடு ராஜா: ஏஸ்-8 வைத்து வெளியேறிவிட்டேன். சரியாக ஆடினேனா?

எத்தனை பிளைண்ட்? எந்த இடம்? முதலில் போட்டது நீங்களா, எதிராளியா? சொன்னால் பேசலாம்.

குளக்கரை: ஒன்பது பிளைண்டில் இரண்டு பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்து (தொகையை உயர்த்தி), யாராவது ஆல் இன் போட்டால் மடக்கலாமா?

வேண்டாம். ஸ்டாக்கில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் போட்டுவிட்டு ஓடுகிறீர்கள். வெறும் கால் செய்து உள்ளே நுழைவதும் அப்படித்தான். சிறு பிளைண்டில் மட்டும் அதற்கு இடம் உண்டு, அதுவும் பெரிய பிளைண்டில் இருப்பவரைத் தெரிந்தால்.

மழைநாள்: ஓமஹாவில் இதே முறையா சார்?

இல்லை. அங்கே வழக்கமாகப் பாட் அளவுக்கு மேல் போட முடியாது, நினைத்தபோது ஆல் இன் போட்டு மிரட்ட வழியில்லை. ஓமஹா ஆடுபவரிடம் கேளுங்கள்.

நடுமேசை: 18 பிளைண்ட் இருந்தால்?

எனக்கு மிகவும் பிடித்த ஸ்டாக் இது. ஒருவர் 2.2 பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்கிறார், நீங்கள் 18-ஐயும் தள்ளுகிறீர்கள். மடக்கினால் உங்களுக்கு 4.7. கால் செய்ய அவருக்கு 41 சதவீதம் வேண்டும். எட்டு பிளைண்டில் இதையே செய்தால் அவருக்கு 31 போதும், பெரும்பாலும் கால் செய்துவிடுவார். ஆகவே எட்டுக்கு இறங்கும் முன்பே இதைப் பயன்படுத்துங்கள். அடிக்கடி ரெய்ஸ் செய்பவருக்கு எதிராக மட்டும். முதல் இருக்கையிலிருந்து ரெய்ஸ் செய்யும் கஞ்சனுக்கு எதிராக அல்ல.

இரவுப்பறவை: ஜாக் ஸ்ட்ராஸ் 1982 உலகப் போக்கர் தொடரில் ஒரே ஒரு சிப்பிலிருந்து மீண்டு முதலிடம் பிடித்தார். 'ஒரு சிப்பும் ஒரு நாற்காலியும்' என்பதே பொறுமைக்குத்தானே உதாரணம்?

அந்தக் கதை எனக்கும் மிகவும் பிடிக்கும். ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுக்கும் பாடம் தவறு. ஒரு சிப் மேசை முழுவதையும் ஆக வேண்டுமென்றால் பல முறை இரட்டிப்பாக வேண்டும். ஒவ்வொரு முறையும் அதை நடுவில் வைத்தே ஆக வேண்டும். வைக்காத சிப் இரட்டிப்பாகாது.

வேப்பமரம்: 12,000 சிப் இருக்கிறது, என்ன செய்வது அண்ணா?

பிளைண்ட் எவ்வளவு தம்பி? புதுக்கைக்குச் சொன்னதைப் பாருங்கள்.

இரவுப்பறவை: இன்னும் ஒருவர் வெளியேறினால் மற்றவர்களுக்கெல்லாம் பரிசு என்ற எல்லையில் இருக்கும்போது? அங்கேயாவது பொறுமை சரிதானே?

இங்கே உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, பாதி நியாயம்.

நான்கு பேர், சமமான ஸ்டாக். பரிசு மூவருக்கு: 50, 30, 20 சதவீதம். இப்போது ஆளுக்கு 25 சதவீத மதிப்பு. ஒருவரை வெளியேற்றி இரட்டிப்பானால் உங்கள் மதிப்பு 50 ஆகாது. ஐசிஎம் கணக்கில் (சிப்பைப் பரிசு மதிப்பாக மாற்றும் முறை) 38.3தான். ஆக ஆல் இன்னுக்குக் கால் செய்ய 65 சதவீத வாய்ப்பு வேண்டும். எதிராளி எதை வேண்டுமானாலும் தள்ளுகிறார் என்றால்கூட ஏஸ்-கிங் அந்த எல்லையை ஒட்டித்தான் நிற்கும். அவ்வளவு இறுக்கம்.

மீதிப் பாதியைக் கவனியுங்கள். அதே 65 சதவீதம் உங்கள் எதிராளிக்கும் பொருந்தும். முதலில் தள்ளுபவர் நீங்கள் என்றால் மடக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு. கால் செய்வதில் பொறுமை வேண்டும், தள்ளுவதில் துணிவு வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பலர் எல்லைக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள்.

இரவுப்பறவை: மேசையில் இன்னொருவரிடம் இரண்டே பிளைண்ட் இருந்தால்?

அப்போது முழுக்க நீங்கள் சொன்னதுதான் சரி. அவர் பெரிய பிளைண்டுக்கு வரும்வரை, உங்கள் ஸ்டாக்கை வெல்லக்கூடியவர்களோடு மோதாமல் இருங்கள். உங்களைவிட மூன்று மடங்கு வைத்திருப்பவர் 65 சதவீதத்துக்கெல்லாம் காத்திருக்க மாட்டார் என்பதையும் மனதில் வையுங்கள். நல்ல கேள்வி, இதை முதலிலேயே கேட்டிருக்கலாம்.

கடைசி நாற்காலி: எந்த ஏஸ் வந்தாலும் தள்ளலாமா?

தள்ளுவதா, கால் செய்வதா? திரும்பத் திரும்பச் சொல்கிறேன், இரண்டும் வேறு. எட்டு பிளைண்டில், உங்களுக்கு முன் எல்லோரும் மடக்கியிருந்தால், கட்ஆஃபிலிருந்து (பட்டனுக்கு முந்தைய இடம்) வேறு சூட் ஏஸ்-6 தள்ளலாம். ஆனால் சின்ன ஏஸ் பெரிய ஏஸிடம் மாட்டினால் நான்கில் ஒரு முறைதான் தப்பும். ஒரே சூட் 7-6 ஏஸ்-கிங்கிடம் நாற்பது சதவீதம் வரை பிடிக்கும். முன்னிருக்கையிலிருந்து சின்ன ஏஸை அவசரப்பட்டுத் தள்ளாதீர்கள்.

தாமரை: 15,000 சிப்...

பிளைண்ட் போட்டு எழுதுங்கள். இனி பிளைண்ட் இல்லாத கேள்விக்குப் பதில் எழுத மாட்டேன்.

ஸ்பேடு ராஜா: மன்னிக்கவும், விவரம் இதோ. 14 பிளைண்ட், நான் கட்ஆஃப், ஏஸ்-8 வேறு சூட். முதல் இருக்கைக்காரர் 15 பிளைண்டை ஆல் இன் போட்டார், நான் கால் செய்தேன். பின்னால் மூன்று பேர் இருந்தார்கள்.

மடக்கியிருக்க வேண்டும். முதல் இருக்கையிலிருந்து எட்டுப் பேரைத் தாண்டித் தள்ளுகிறவரிடம் ஏஸ்-ஜாக், ஏஸ்-குயின், நடுத்தர ஜோடிகள்தான் அதிகம் இருக்கும். உங்கள் ஏஸ்-8 அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால்தான். அதே கை, அதே 14 பிளைண்ட், முன்னால் எல்லோரும் மடக்கி உங்களிடம் வந்திருந்தால் ஆடச் சொல்லியிருப்பேன்.