அமெரிக்காவில் ஓய்வா, இந்தியாவுக்குத் திரும்புவதா? கேள்வி பதில்

அமெரிக்காவில் கணக்குத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, மனைவியுடன் கோவைக்குத் திரும்பியவன் நான். திரும்புவதா, அங்கேயே இருந்துவிடுவதா என்ற குழப்பத்தில் இருப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 63 வயது, மனைவிக்கு 61. இருவரும் அமெரிக்கக் குடிமக்கள். நியூஜெர்சியில் வீட்டு வரி கட்டியே மாளவில்லை. செலவைப் பார்த்தால் இந்தியாதானே சரி?

செலவு குறையும் என்பது உண்மை. சமையலுக்கும் வீட்டு வேலைக்கும் ஆள் வைத்துக்கொள்ளலாம். கார் ஓட்டாமலே காலம் தள்ளலாம். ஆனால் பலரும் போடுவது, இருவரும் நல்ல நடமாட்டத்தோடு இருக்கும் முதல் பத்து ஆண்டுகளுக்கான கணக்கு. அந்தப் பத்து ஆண்டுகளை எந்த நாட்டிலும் கழித்துவிடலாம். இருவரில் ஒருவர் மட்டும் மிஞ்சும் காலத்துக்குத்தான் ஐயா திட்டம் வேண்டும்.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் உங்கள் மனைவிக்கு நெஞ்சு வலித்தால் அரை மணி நேரத்தில் வாசலில் வந்து நிற்கக்கூடியவர்கள் யார் யார் என்று பெயர் பெயராக எழுதுங்கள். அமெரிக்காவுக்கு ஒரு பட்டியல், இந்தியாவுக்கு ஒரு பட்டியல். பிறகு உங்களைவிட மூத்தவர்களின் பெயர்களை அடித்துவிடுங்கள். இந்தியப் பட்டியலில் அண்ணன், மைத்துனர், பள்ளித் தோழர் என்று நிறையப் பேர் இருப்பார்கள்; பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்களாக இருப்பார்கள். அவர்களை நீக்கிய பிறகும் ஓர் அண்ணன் மகனோ அக்கா மகளோ உரிமையோடு கூப்பிடும் தூரத்தில் இருந்தால், தாராளமாக வாருங்கள். யாரும் மிஞ்சவில்லை என்றால், மிச்சமாகும் வீட்டு வரி அந்தக் குறையை ஈடுகட்டாது.

கேள்வி: இந்தியாவில் குடியேறினால் அமெரிக்க அரசின் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியம் நின்றுவிடுமா?

அமெரிக்கக் குடிமகனாக இருந்து 40 கிரெடிட், அதாவது சுமார் பத்து ஆண்டு உழைப்பு, சேர்ந்திருந்தால் நிற்காது. 1960இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு முழு ஓய்வூதிய வயது 67. 62இலேயே வாங்கத் தொடங்கினால் 30 சதவீதம் குறையும், அந்தக் குறைவு ஆயுள் முழுவதும் தொடரும். கணவன் மனைவியில் ஒருவர் இறந்தால், இரண்டில் பெரிய தொகைதான் மற்றவருக்கு வரும். அதனால் அதிகம் சம்பாதித்தவர் பொறுத்திருந்து வாங்குவது, பின்னால் தனியாக இருக்கப்போகிறவருக்குச் செய்யும் உதவி.

இந்திய வரி பற்றிப் பலருக்குப் பயம் இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி இந்த ஓய்வூதியத்துக்கு வரி விதிக்கும் உரிமை அமெரிக்காவுக்கு மட்டுமே. வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கு அவ்வப்போது ஒரு கேள்விப் படிவம் அஞ்சலில் வரும். நிரப்பி அனுப்பாவிட்டால் பணம் நின்றுவிடும். ஆகவே முகவரி மாறினால் முதலில் அவர்களுக்குத் தெரிவியுங்கள்.

40 கிரெடிட்டை எட்டாமல் கிளம்ப நினைப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இரு நாட்டு உழைப்புக் காலத்தையும் கூட்டிக் கணக்கிடும் உடன்பாட்டை அமெரிக்கா பல நாடுகளுடன் செய்திருக்கிறது, இந்தியாவுடன் செய்யவில்லை. 36 கிரெடிட்டோடு ஊர் திரும்பினால் ஓய்வூதியமே கிடையாது. இன்னும் ஓராண்டு வேலை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: 65 வயதில் திரும்புகிறேன். மெடிகேர் (முதியோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு) இந்தியாவில் செல்லாது என்கிறார்கள். பிறகு எதற்குப் பணம் கட்ட வேண்டும்?

செல்லாது என்பது சரிதான். மருத்துவமனைச் செலவுக்கான ஏ பகுதிக்கு, 40 கிரெடிட் உள்ளவர்கள் மாதக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை, அதை வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி, மருத்துவர் கட்டணம் போன்றவற்றுக்கான பி பகுதியைப் பற்றியது. 2025இல் அதன் அடிப்படைக் கட்டணம் மாதம் 185 டாலராக இருந்தது. உரிய நேரத்தில் சேராமல் விட்டுவிட்டுப் பின்னால் சேர்ந்தால், தவறவிட்ட ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 10 சதவீதம் கூடுதலாக, பி பகுதி இருக்கும் வரை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எட்டு ஆண்டு கழித்து 73 வயதில் திரும்பிப் போனால் கட்டணம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதோடு, நினைத்த மாதத்தில் சேரவும் முடியாது; ஜனவரி முதல் மார்ச் வரைதான் கதவு திறக்கும்.

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள், தள்ளாத வயதில் அவர்களிடம் போகக்கூடும் என்றால் கட்டிக்கொண்டே இருங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். திரும்பிப் போகும் வழியை அடைக்காமல் வைத்திருப்பதற்கான விலை அது.

இந்தியாவில் தனியாக ஒரு மருத்துவக் காப்பீடும் எடுத்துவிடுங்கள். 65 வயதைக் கடந்தவர்களுக்கும் பாலிசி கிடைக்கும்படி 2024இல் விதிகள் மாற்றப்பட்டன. ஏற்கனவே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலமும் அதிகபட்சம் மூன்று ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. அந்த மூன்று ஆண்டுகள் ஓடத் தொடங்க வேண்டுமே! வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: கிரீன் கார்டு வாங்கிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. இந்தியக் குடியுரிமையை விட மனமில்லை. கார்டை வைத்துக்கொண்டே சென்னையில் வாழ முடியுமா?

முடியாது. கிரீன் கார்டு அமெரிக்காவில் வாழ்வதற்கான அனுமதி; ஆண்டுக்கு ஒருமுறை போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தால் அது நிலைக்காது. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தாலே கேள்வி வரும். ஓராண்டைத் தாண்டினால் கார்டு கேள்விக்குறிதான். கிளம்புமுன் அங்கிருந்தபடியே விண்ணப்பித்து மறுநுழைவு அனுமதி வாங்கினால் இரண்டு ஆண்டு அவகாசம் கிடைக்கும்.

நீங்கள் கவலைப்பட வேண்டியவை வேறு. கடந்த 15 ஆண்டுகளில் 8 ஆண்டுகள் கார்டு வைத்திருந்தவர் அதை ஒப்படைக்கும்போது, நிகரச் சொத்து 20 லட்சம் டாலரைத் தொட்டிருந்தால், எல்லாவற்றையும் அன்றே விற்றுவிட்டதாகக் கருதி, ஒரு வரம்புக்கு மேற்பட்ட லாபத்துக்கு வரி கேட்பார்கள். ஒப்படைத்த பிறகு சோஷியல் செக்யூரிட்டி தொகையின் 85 சதவீதத்துக்கு 30 சதவீத வரி பிடித்தம் உண்டு. பலருக்கும் தெரியாத மூன்றாவது விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. குடிமகனாகவும் இல்லாமல் அங்கே வசிக்கவும் இல்லாமல் ஒருவர் இறந்துபோனால், அமெரிக்காவில் உள்ள வீடு, அமெரிக்க நிறுவனப் பங்குகள் ஆகியவற்றில் 60,000 டாலருக்கு மேற்பட்ட மதிப்பு மரபுரிமை வரிக்கு உட்படும். குடிமக்களுக்கு இதே விலக்கு பல மில்லியன் டாலர். கணவரை இழந்த பெண் ஒருவர் சென்னையில் உட்கார்ந்துகொண்டு இந்த வரிக்குப் படிவம் நிரப்பும் நிலை வரக் கூடாது. குடியுரிமை வாங்குங்கள், அல்லது கார்டை ஒப்படைக்குமுன் சொத்துகளை ஒழுங்குபடுத்துங்கள். எதையும் செய்யாமல் கார்டு தானாகக் காலாவதியாகட்டும் என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வெளிநாட்டுக் குடிமக்களுக்கானது) இருக்கிறது. ஊரில் நாலு ஏக்கர் தோட்டம் வாங்கலாமா?

வாங்க முடியாது. விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றுக்கும் தடை. அப்பா வழியில் வாரிசாக வருவதை வைத்துக்கொள்ளலாம். உறவினர் பெயரில் வாங்கிப் போடும் யோசனை வேண்டவே வேண்டாம்.

கேள்வி: 401(கே) என்ற அமெரிக்க ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் இருக்கும் பணத்தை எடுத்து இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டுமா?

கட்டாயமில்லை. வெளிநாட்டில் வாழ்ந்தபோது சேர்த்த சொத்தைத் திரும்பிய பிறகும் அங்கேயே வைத்திருக்க 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கிறது. நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு, திரும்பியபின் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் வெளிநாட்டு வருமானத்துக்கு இந்தியாவில் வரி இல்லாத இடைநிலை உண்டு. பணத்தை எடுக்க நினைப்பவர்கள், 59½ வயதும் கடந்திருந்தால், அந்தக் காலத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அதன் பிறகும் கணக்கில் ஆண்டுதோறும் வளரும் தொகைக்கு உடனே வரி கட்டாமல், எடுக்கும்போது கட்டுவதற்கு 2021ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வழி செய்திருக்கிறது. அதற்கான படிவத்தை உரிய நேரத்தில் தாக்கல் செய்ய வேண்டும். ஒருமுறை தேர்ந்தெடுத்தால் பின்வாங்க முடியாது. குடிமக்கள் எங்கே வாழ்ந்தாலும் அமெரிக்காவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதையும், இந்திய வங்கிகளில் மொத்த இருப்பு 10,000 டாலரைத் தாண்டினால் அறிக்கை தர வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: அப்பா இறந்தபின் அம்மாவை டல்லாஸுக்கு அழைத்து வந்தேன். அவருக்கு 78 வயது. நாள் முழுவதும் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார், ஊருக்கே அனுப்பிவிடு என்கிறார். அண்ணன் கூடாது என்கிறார். என்ன செய்வது?

அனுப்பி வையுங்கள் அம்மா. பேச ஆளில்லாத வீட்டில் அவரை வைத்திருப்பதைப் பாதுகாப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் இடத்தை நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். கோவையைச் சுற்றி முதியோருக்கான குடியிருப்புகள் நிறைய இருக்கின்றன. சிற்றேட்டில் இருக்கும் பூங்காவையும் நூலகத்தையும் பார்த்து மயங்க வேண்டாம். குளியலறைக்குள் போய்ப் பாருங்கள்: கைப்பிடி இருக்கிறதா, வாசல்படி தடுக்குமா, சக்கர நாற்காலி திரும்புமா? இரவில் நர்ஸ் அங்கேயே தங்குகிறாரா, கூப்பிட்டால் வருவாரா? அதன் பிறகு, அம்மா படுத்த படுக்கையானாலோ நினைவு தவறினாலோ இங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். சில இடங்களில், நடமாட்டம் நின்றால் வேறு ஏற்பாடு செய்துகொள்ளச் சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்லும் இடத்துக்கு எவ்வளவு அழகான பூங்கா இருந்தாலும் பயனில்லை.

அவருக்கு எஸ்.எஸ்.ஐ. என்ற, வருமானம் குறைந்த முதியோருக்கான அமெரிக்க அரசு உதவித்தொகை வந்துகொண்டிருந்தால், 30 நாட்கள் தொடர்ந்து வெளிநாட்டில் இருந்ததும் அது நின்றுவிடும்.

கேள்வி: கணவருக்கு ஊர் திரும்ப வேண்டும் என்று ஒரே பிடிவாதம். எனக்கு மனமில்லை. இங்கே நானே கார் ஓட்டி எங்கும் போய் வருகிறேன், பேரக்குழந்தைகள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். நான் சுயநலக்காரியா?

நிச்சயமாக இல்லை. உங்கள் கணவர் மகனாகவும் தம்பியாகவும் திரும்புகிறார். நீங்கள் மருமகளாகத் திரும்ப வேண்டியிருக்கிறது. ஒரே ஊர்தான் என்றாலும், அங்கே உங்களுக்குக் காத்திருக்கும் வாழ்க்கை வேறு. இதை அவரிடம் இதே சொற்களில் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான குடும்பங்களில் கடைசியில் தனித்து இருக்கப்போவது மனைவிதான். ஆகவே இந்த விஷயத்தில் உங்கள் பேச்சுக்கு அவர் பேச்சைவிட அதிக எடை வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். குளிர்காலத்தில் நாலு மாதம் இந்தியாவில், மீதி அமெரிக்காவில் என்று தொடங்கலாம். அதுவும் அவருடைய அண்ணன் வீட்டில் வேண்டாம்; தனியாக ஒரு வாடகை வீட்டில்.

கேள்வி: முடிவு செய்துவிட்டோம். எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஒரேயடியாக வந்துவிடலாமா?

வேண்டாம். வீட்டை ஓராண்டுக்கு வாடகைக்கு விடுங்கள். இந்தியாவில் வாங்காமல் வாடகைக்கு எடுங்கள். கச்சேரியும் இதமான காற்றுமாக இருக்கும் மார்கழியில் வந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள். சித்திரை வெயிலையும் ஐப்பசி மழையையும் அதே வீட்டில் இருந்து பாருங்கள். இரு நாட்டுச் சொத்துக்கும் தனித்தனியே உயில் எழுதுங்கள். புறப்படுமுன் அமெரிக்கக் கைபேசி எண்ணை ரத்து செய்துவிடாதீர்கள். வங்கியின் ரகசிய எண் அந்த எண்ணுக்குத்தான் வரும். அது போய்விட்டால் உங்கள் பணத்தை நீங்களே எடுக்க முடியாமல் அல்லாட வேண்டியிருக்கும். குறைந்த கட்டணத் திட்டத்துக்கு மாற்றி, இந்தியாவில் குறுஞ்செய்தி வருகிறதா என்று முந்தைய பயணத்திலேயே சோதித்துவிடுங்கள்.