பயன்படுத்திய பந்தய ஏர் ரைஃபிளை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

10 மீட்டர் போட்டிக்கான ஏர் ரைஃபிள் என்பது, உருளையில் அடைத்த அழுத்தக் காற்றால் 4.5 மி.மீ. ஈயக் குண்டைச் செலுத்தும் துப்பாக்கி. மென்மையான ஈயம் மிதமான வேகத்தில் செல்வதால் குழல் எளிதில் தேய்வதில்லை. மூப்படைபவை காற்று உருளையும் ரப்பர் வளையங்களுமே. சமையல் எரிவாயு சிலிண்டரில் சோதனைக் கெடு எழுதியிருப்பதைப் போல இவ்வுருளையிலும் தேதி பொறித்திருக்கும். உற்பத்தியாளர் அனுமதித்த காலம், பெரும்பாலும் 10 ஆண்டுகள், கடந்துவிட்டால் பன்னாட்டுப் போட்டிகளில் அதைப் பயன்படுத்த இயலாது, புதிய உருளையின் விலையோ சிறிதன்று. விலை பேசுமுன் அத்தேதியைப் படியுங்கள். பிறகு காற்றை நிரப்பி, அழுத்தத்தைக் காட்டும் அளவியின் முள் நிற்கும் இடத்தைக் குறித்து ஓரிரவு விட்டுப் பாருங்கள். முள் தெளிவாக இறங்கியிருந்தால் கசிவு உண்டு. இயன்றால், அசையாதபடி பொருத்திச் சுட்டு, குண்டுகள் ஏறத்தாழ ஒரே துளையில் விழுகின்றனவா என்றும் சோதிக்கலாம். துப்பாக்கியைத் தோளில் தாங்கிப் பிடிக்கும் கட்டையில் உள்ள கீறல்களைக் கண்டு பலர் பின்வாங்குகிறார்கள். அவற்றால் குறி தவறுவதில்லை, விலையைக் குறைத்துக் கேட்கத்தான் உதவும்.