அரங்கத்தில் ஏறிவிடும் மிருதங்கச் சுருதி

வணக்கம். ஒத்திகை அறையில் சேர்த்த சுருதி, பள்ளி அரங்கத்தில் இரண்டாம் உருப்படிக்குள் ஏறிவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மகனின் கையிலோ வாத்தியத்திலோ கோளாறில்லை. நம்மூர் ஈரக்காற்றில் தளர்ந்த தோல், ஏர்கானில் காய்ந்து இறுகுகிறது, அவ்வளவுதான்.

கச்சேரிக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே உறையைக் கழற்றி மேடையில் வையுங்கள். ஏர்கானை அப்போதே ஓடவிடச் சொல்லிக் கேளுங்கள். காற்று நேரே அடிக்கும் இடம் மட்டும் வேண்டாம்.

பிறகும் ஏறினால், வலந்தலையை (வலக்கை வாசிக்கும் முகம்) சுற்றியுள்ள தோல் பின்னலின் உள்விளிம்பில் கட்டையை வைத்து, தோல் பக்கமாகக் கல்லால் மெல்லத் தட்டினால் இறங்கும். எதிரெதிர்க் கண்களாக (பின்னலில் வார் நுழையும் இடங்கள்) தட்டணும். ஒரே பக்கம் தட்டினால் சாபு என்னும் வலந்தலை அடி இடத்துக்கு இடம் வேறு சுருதி பேசும் (பிள்ளைகள் அவசரத்தில் செய்வது இதைத்தான்). தொப்பியில் (இடக்கை வாசிக்கும் முகம்) அப்பும் ரவைப் பசையும் காயும். அதை நனைக்கப் பக்கத்தில் ஈரத்துணி இருக்கட்டும்.