‘அரசு முன்வருமா?’ – எம்எல்ஏ, பேரவை, உங்கள் மனு: வடசென்னைக் கேள்விகளும் பதில்களும்

பட்ஜெட் கூட்டத்தொடர் கடைசி வாரத்துக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குப் பேரவையிடம் பணம் கேட்பதுதான் மானியக் கோரிக்கை; இன்னும் இரண்டு மூன்று துறைகளுடையதுதான் பாக்கி. வடசென்னைத் தொகுதி ஒன்றில் அடுத்தடுத்து இரண்டு எம்எல்ஏக்களிடம் உதவியாளராக இருந்து, பதினான்கு வருஷம் மனு வாங்கியும் மனு எழுதியும் கை தேய்ந்தவன் நான். இந்த வாரம் வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

காசிமேடு வாசகர்: அண்ணே, ஒரு மாசமா எங்க எம்எல்ஏவை ஆளையே காணோம். கேட்டா ‘சட்டசபை நடக்குது’ங்கிறாங்க. கோட்டை இங்கேருந்து கூப்பிடு தூரம்தானே?

கூப்பிடு தூரம்தான், அதுதான் அவருக்குத் தொல்லையே. தஞ்சாவூர்ப் பக்கத்து உறுப்பினர் கூட்டத்தொடர் நாட்களில் எம்எல்ஏ விடுதியில் தங்கிக்கொள்வார். தொகுதி ஆட்கள் தினம் ரயிலேறி வரமாட்டார்கள். நம்மவருக்கு விடிந்தால் வாசலில் முப்பது பேர். அவர்களைப் பார்த்து முடித்து, கேள்வி நேரத்துக்குள் கோட்டையில் இருக்க வேண்டும். மதியத்துக்கு மேல் திரும்பினால் ஒரு சாவு வீடு, ஒரு கல்யாண வரவேற்பு, நடுவில் மண்டல அலுவலகத்தில் ஒரு ஆய்வுக் கூட்டம். நீங்கள் பத்து மணிக்குப் போய்த் தேடினால் எப்படிக் கிடைப்பார்? காலை ஏழு மணிக்குப் போங்கள். அப்போதும் காணோம் என்றால் உங்கள் கோபம் நியாயம்தான்.

கொருக்குப்பேட்டை வாசகர்: கூட்டத்தொடர் முடிஞ்சா நாங்க கொடுத்த கோரிக்கையும் முடிஞ்ச மாதிரியா?

இல்லை. தேதி குறிப்பிடாமல் அவையை ஒத்திவைப்பது பேரவைத் தலைவர். அதன் பிறகு கூட்டத்தொடரை முறைப்படி முடித்து வைப்பது ஆளுநர். அப்படி முடித்து வைப்பதால் நிலுவையில் உள்ள மசோதாகூட காலாவதியாவதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 196-ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. பேரவையே கலைந்தால் கதை வேறு. அடுத்த கூட்டத்துக்கு ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விடவும் முடியாது. உங்கள் மனு துறையின் கோப்பில் ஏறியிருந்தால் அது பாட்டுக்கு நகரும், அல்லது நகராது. கூட்டத்தொடர் இருப்பதால் மட்டும் அது ஓடப் போவதில்லை.

ஆனால் கடைசி வாரத்தில் ஒன்று கவனித்திருக்கிறேன். மசோதாக்கள் வரிசை கட்டி வரும், ஒரே நாளில் பல நிறைவேறும். காவல் துறை மானியம் பெரும்பாலும் கடைசிப் பக்கம்தான் இருக்கும், எல்லார் கண்ணும் அதில். அந்த நெரிசலில் உங்கள் தெருப் பிரச்சினையைப் பேசச் சொல்லி மனு கொடுப்பது வீண். அதற்கான நேரம் அந்தந்தத் துறையின் மானியம் வருவதற்கு இரண்டு வாரம் முன்னால்.

தண்டையார்பேட்டை வாசகி: குழாயில் வரும் தண்ணீரில் சாக்கடை வாடை. கவுன்சிலரிடம் போவதா, எம்எல்ஏவிடம் போவதா? இருவரும் மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள், சார்.

முதலில் குடிநீர் வாரியத்தின் ஏரியா ஆபீஸ். புகார் பதிந்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் கவுன்சிலர். எம்எல்ஏ மூன்றாவதுதான், ஆனால் கையில் அந்தப் புகார் எண்ணோடு.

இதற்கு ஒரு பழைய சம்பவம் சொல்ல வேண்டும். ஒரு காலையில் ஒரு பாட்டி வந்தார். மஞ்சள் பையிலிருந்து மனுவை எடுக்கவில்லை, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் கருப்பாக மண்டி. “நீ ஒரு மொடக்கு குடிச்சுக் காட்டு, நான் இப்படியே வீட்டுக்குப் போயிடறேன்” என்றார், என்னைப் பார்த்து. எம்எல்ஏ உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். யாரும் பேசவில்லை.

பழைய இரும்புக் குழாயும் சாக்கடைக் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் போகிற தெரு அது. தண்ணீர் விடாத நேரத்தில் குழாயில் அழுத்தம் இருக்காது, விரிசல் வழியாக வெளிக் கழிவு உள்ளே இழுபடும். மறுநாள் விடும்போது முதல் பத்துக் குடம் அதுதான். இதைப் பொறியாளரிடம் கேட்டு, தெருப் பெயர், குழாய் போட்ட வருஷம், வீடுகளின் எண்ணிக்கை மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். மானிய விவாதத்தில் எம்எல்ஏ அதை அப்படியே வாசித்தார். ‘வடசென்னையில் குடிநீர்ப் பிரச்சினை’ என்று பொத்தாம் பொதுவாகப் பேசியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். தெருப் பெயர் அவைக் குறிப்பில் ஏறிவிட்டது. அன்று சாயந்திரமே அலுவலகத்துக்குப் போன் வந்தது. குழாய் மாற்ற அதற்கப்புறமும் எட்டு மாதம் ஆனது என்பது வேறு விஷயம். பாட்டி நடுவில் இன்னும் இரண்டு பாட்டில் கொண்டுவந்தார்.

பெரம்பூர் வாசகர்: அமைச்சர் பதில் சொன்னார் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கொண்டாட்டம். நிஜமாகவே வேலை நடக்குமா?

என்ன சொன்னார் என்று பாருங்கள். உறுப்பினர் பேரவைத் தலைவரைப் பார்த்துக் கேட்பது எப்போதும் ஒரே அச்சு: “அங்கே மேம்பாலம் அமைக்க அரசு முன்வருமா என்பதைத் தங்கள் வாயிலாக அறிய விரும்புகிறேன்.” பதிலில்தான் ரகங்கள். ‘கருத்துரு ஏதும் இல்லை’ என்றால் துறையில் யாரும் ஒரு தாளைக்கூட எடுத்து வைக்கவில்லை என்று அர்த்தம். ‘நிதி நிலைமைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்’ என்றால் மரியாதையாக ‘இப்போது இல்லை’. ‘விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கப்பட்டு வருகிறது’ என்றால் கொஞ்சம் உயிர் இருக்கிறது. ‘இந்த நிதியாண்டிலேயே எடுத்துக்கொள்ளப்படும்’ என்றால் மட்டும் இனிப்பு வாங்குங்கள். அவையில் அமைச்சர் கொடுக்கும் வாக்குறுதிகள் என்ன ஆயின என்று பார்க்கவே உறுதிமொழிக் குழு என்று ஒன்று பேரவையில் இருக்கிறது. அதை நினைவுபடுத்தி எம்எல்ஏவிடம் கேளுங்கள், அவருக்கே மறந்திருக்கும்.

பேரவை விதிகளில் 110-ஆவது விதியின் கீழ் அமைச்சரின் அறிவிப்பு என்று வந்தால் அதன் மேல் விவாதம் கிடையாது. அறிவிப்பு அறிவிப்புதான். அரசாணை வந்ததா என்று தனியாகத் தேடவேண்டும்.

திரு.வி.க. நகர் வாசகர்: தொகுதி நிதி மூன்று கோடி என்கிறார்கள். எங்கள் குடியிருப்புக்கு ஒரு காம்பவுண்டு சுவர் கட்டித் தரமாட்டாரா?

தனியார் குடியிருப்பு என்றால் முடியாது. கோயில், சர்ச், மசூதிக்கும் முடியாது. வருஷத்துக்கு மூன்று கோடி என்பது கேட்கப் பெரிதாக இருக்கும். தொகுதிக்குள் இருக்கும் வார்டுகளுக்குப் பிரித்துப் பாருங்கள், கரைந்துவிடும். பள்ளி வகுப்பறை, அங்கன்வாடி, நிழற்குடை, சுடுகாட்டில் ஒரு கொட்டகை – இப்படிப் பொதுவாகவும் நின்று நிலைப்பதாகவும் இருக்கவேண்டும். எம்எல்ஏ பரிந்துரைப்பார், சென்னையில் மதிப்பீடு போட்டு, டெண்டர் விட்டு, கட்டுவது மாநகராட்சி. அவர் கையில் காசு வருவதே இல்லை.

என் அனுபவத்தில் அந்தப் பணத்தில் ஜனங்கள் மனசார நன்றி சொன்னது ஒரு மைதானத்துக்குப் போட்ட விளக்குக்குத்தான். வியாசர்பாடிப் பக்கம் பந்து விளையாடும் பையன்கள் இருட்டினால் வீட்டுக்குப் போய்விடுவார்கள். விளக்கு வந்த பிறகு ஒன்பது மணி வரை ஆட்டம். பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தம் தாங்கவில்லை என்று மறு மனு கொடுத்தார்கள், அதையும் நான்தான் வாங்கினேன்.

எண்ணூர் வாசகர்: 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றில் எண்ணெய் மிதந்தபோது வலையெல்லாம் நாசமாச்சு. எம்எல்ஏவால் உண்மையில் என்ன செய்ய முடியும், ஐயா?

அவையில் கவன ஈர்ப்பு கொண்டுவந்து அமைச்சரைப் பதில் சொல்ல வைக்கலாம், நிவாரணக் கணக்கில் விட்டுப்போன பெயர்களைச் சேர்க்க ஆட்சியரை நெருக்கலாம். ஆலைக்கு அபராதம் போடுவதும் இழப்பீட்டை முடிவு செய்வதும் அவர் கையில் இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பசுமைத் தீர்ப்பாயமும் தனி வழி. உங்கள் இடத்தில் இன்னொரு சிக்கல்: முகத்துவாரத்தின் தென்கரை திருவொற்றியூர்த் தொகுதி, வடக்கே காட்டுப்பள்ளி பொன்னேரித் தொகுதி. தண்ணீருக்கு எல்லை கிடையாது, மனுவுக்கு உண்டு. இரண்டு உறுப்பினரிடமும் ஒரே மனுவைக் கொடுங்கள். பேரவையின் மனுக்கள் குழுவுக்கும் ஒன்று அனுப்பலாம். நெடுநாள் தீராத பொதுப் பிரச்சினையை அவர்கள் எடுப்பார்கள். ஆனால் ஒரு மனுவில் ஒரே விஷயம். வேலை கேட்பது, கடன் கேட்பது, நீதிமன்றத்தில் இருப்பது எதையும் அதில் கலக்காதீர்கள், அதற்காகவே தள்ளிவிடுவார்கள்.

ஆர்.கே. நகர் வாசகி: எம்எல்ஏ கையெழுத்து வாங்கினால் ஆதாரில் முகவரி மாற்றலாமா?

மாற்றலாம். ஆதார் ஆணையத்தின் படிவத்திலேயே இருக்கவேண்டும், புகைப்படம் ஒட்டியிருக்கவேண்டும். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். கவுன்சிலர் கையெழுத்தும் செல்லும், வரிசையும் அங்கே குறைவு.

ராயபுரம் வாசகர்: கல்யாணம், காதுகுத்து, சாவு என்று சுற்றுவதற்கா ஓட்டுப் போட்டோம்?

நானும் முதல் வருஷம் இப்படித்தான் நினைத்தேன். அப்புறம் பார்த்தால், அலுவலகத்துக்கு வராத ஆள் சாவு வீட்டில்தான் பேசுவார். ‘ஆம்புலன்ஸ் சந்துக்குள்ள வரமாட்டேங்குதுப்பா, நாலு பேர் தூக்கிட்டு ஓடினோம்’ என்று ஒரு பெரியவர் சொன்னது அப்படி ஒரு பந்தலில்தான். மாலை போட்டு, போட்டோ எடுத்து, ஐந்து நிமிஷத்தில் கிளம்புகிறவரைப் பற்றி நீங்கள் சொல்வது சரி.

வண்ணாரப்பேட்டை கல்லூரி மாணவி: கூட்டத்தொடர் முடிவதற்குள் ஒரு நாள் அவையை நேரில் பார்க்க ஆசை. முடியுமா, அண்ணா?

முடியும். உங்கள் எம்எல்ஏ அலுவலகத்தில் பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச் சீட்டுக்குச் சொல்லுங்கள், அடையாள அட்டை நகல் கேட்பார்கள். கடைசி நாளுக்குக் கேட்காதீர்கள், கூட்டம் அதிகம். கேள்வி நேரம் இருக்கும் நாளாகப் பாருங்கள். 2022 ஜனவரியிலிருந்து அதை நேரலையிலும் காட்டுகிறார்கள், ஆனால் தனக்குப் பேச வாய்ப்பு கேட்டு எழுந்து நிற்கும் உறுப்பினரின் முகம் கேமராவில் சரியாகத் தெரியாது. செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், உள்ளே விடமாட்டார்கள்.