பிகேஜிசோர்ஸ் நிறுவல்: கேள்வி பதில்

லினக்ஸ், ஆப்பிள் மேக், நெட்பிஎஸ்டி, ஸ்மார்ட்ஓஎஸ் என்று எந்த யூனிக்ஸ் வகைக் கணினியிலும் ஒரே பேக்கேஜ் மேனேஜரை (நிரல்களை நிறுவி, புதுப்பித்து, நீக்கும் கருவியை) ஓட்ட முடியும் என்றால் அது பிகேஜிசோர்ஸ். அதை நிறுவுவது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் கீழே. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். எம்கே.கான்ஃப் (பிகேஜிசோர்ஸின் அமைப்புக் கோப்பு), மேக்ஃபைல் (பேக்கேஜைக் கட்டும் விதிகள் உள்ள கோப்பு) இரண்டிலும் வரும் மாறிகளுக்கும், எல்டி_லைப்ரரி_பாத் போன்ற சூழல் மாறிகளுக்கும் மட்டும் பெரிய எழுத்து.

கேள்வி: டெபியனில் அதன் சொந்தப் பேக்கேஜ் மேனேஜர் ஆப்ட் இருக்கும்போது இது எதற்கு, சார்?

உங்கள் சொந்த லேப்டாப், ரூட் (நிர்வாகி) அனுமதியும் உங்களிடம், டெபியன் தருகிற பதிப்பே போதும் என்றால் இது வேண்டியதில்லை. ஆப்டோடு இருங்கள்.

ரூட் இல்லாத சர்வரில் புதிய நிரல் தேவைப்படும்போதும், நான்கு வகை ஓஎஸ்-களில் ஒரே பதிப்பு ஓட வேண்டும் என்கிறபோதும்தான் இதன் அருமை தெரியும். 1997-ல் ஃப்ரீபிஎஸ்டி போர்ட்ஸை அடியொற்றி நெட்பிஎஸ்டிக்காகத் தொடங்கியது, பிறகு மற்ற ஓஎஸ்-களுக்கும் பரவியது. நிறுவுகிற எல்லாம் பிரீஃபிக்ஸ் என்ற ஒரே டைரக்டரிக்குள் அடங்கிவிடும். ஓஎஸ்-சின் சொந்தக் கோப்புகளை அது தொடாது. அந்த எல்லையை நாமும் மீறாமல் இருந்தால் பாதிச் சிக்கல் வராது.

கேள்வி: கல்லூரி சர்வரில் எனக்கு யூசர் கணக்கு மட்டும்தான். ரூட் தரமாட்டார்கள். படிப்படியாகச் சொல்லுங்கள் அண்ணா.

முதலில் சி கம்பைலர் இருக்கிறதா பாருங்கள். `ஜிசிசி --வெர்ஷன்`, `ஜி++ --வெர்ஷன்` இரண்டும் பதில் சொல்ல வேண்டும். சி லைப்ரரியின் ஹெடர் கோப்புகளும் வேண்டும். டெபியன், உபுண்டுவில் `பில்ட்-எசென்ஷியல்` போட்டிருந்தால் மூன்றும் இருக்கும். இல்லையென்றால் நிர்வாகியிடம் இந்த ஒன்றை மட்டும் கேளுங்கள்.

அடுத்து நெட்பிஎஸ்டியின் சிடிஎன் தளத்தில் `பப்/பிகேஜிசோர்ஸ்/ஸ்டேபிள்` டைரக்டரியில் உள்ள டார் கோப்பை (பல கோப்புகளைச் சேர்த்துக் கட்டிய ஒரே கோப்பை) இறக்குங்கள். `கரன்ட்` என்று இன்னொன்றும் இருக்கும். அது நாள்தோறும் மாறுவது, முதல் முறைக்கு வேண்டாம். காலாண்டுக் கிளைகள் 2024கியூ4, 2025கியூ1 என்ற பெயரில் மூன்று மாதத்துக்கு ஒன்றாக வரும். ஸ்டேபிள் என்பது அவற்றில் ஆகப் புதியது.

டாரை அவிழ்த்தால் லட்சத்துக்கு மேற்பட்ட சிறு கோப்புகள் கொட்டும். உங்கள் ஹோம் டைரக்டரி என்எஃப்எஸ்-ல் (நெட்வொர்க் வழியாக வரும் டிஸ்க்கில்) இருந்தால் இது மணிக்கணக்கில் இழுக்கும், கோப்பு எண்ணிக்கைக்கான கோட்டாவும் தீர்ந்துபோகலாம். சர்வரின் லோக்கல் டிஸ்க்கில் இடம் கேட்டு அங்கே அவிழ்ப்பது நல்லது.

பிறகு `பிகேஜிசோர்ஸ்/பூட்ஸ்ட்ராப்` உள்ளே போய், அடிப்படைக் கருவிகளை நிறுவும் பூட்ஸ்ட்ராப் ஸ்கிரிப்டை இப்படி ஓட்டுங்கள்:

`./பூட்ஸ்ட்ராப் --அன்பிரிவிலேஜ்டு --பிரிஃபர்-பிகேஜிசோர்ஸ் எஸ் --மேக்-ஜாப்ஸ் 4`

`அன்பிரிவிலேஜ்டு` என்றால் கோப்புகளின் உரிமையாளர் ரூட்டுக்குப் பதில் நீங்கள். பிரீஃபிக்ஸ் தானாகவே உங்கள் ஹோமுக்குள் `பிகேஜி` என்று அமையும். வேறிடம் வேண்டுமென்றால் `--பிரீஃபிக்ஸ்` கொடுங்கள். இடத்தை இப்போதே நன்றாக யோசித்து முடிவு செய்யுங்கள். இந்தப் பாதை ஒவ்வொரு நிரலுக்குள்ளும், அது தேடும் லைப்ரரிப் பாதைகளுக்குள்ளும் பதிந்துவிடும். பிற்பாடு டைரக்டரியை வேறிடத்துக்கு நகர்த்தினால் எதுவும் ஓடாது, எல்லாவற்றையும் மூலநிரலிலிருந்து மறுபடி கட்ட (கம்பைல் செய்ய) வேண்டியதுதான்.

முடிந்ததும் பிரீஃபிக்ஸுக்குள் இருக்கும் `பின்`, `எஸ்பின்` இரண்டையும் பாத்தின் (கட்டளைகளை ஷெல் தேடும் டைரக்டரிப் பட்டியலின்) முன்பக்கம் சேருங்கள். சோதனைக்குச் சிறிய பேக்கேஜாக எடுங்கள். `மிஸ்க்/ஃபிக்லெட்` டைரக்டரிக்குள் போய் `பீமேக் இன்ஸ்டால் கிளீன் கிளீன்-டிபெண்ட்ஸ்`. அது நிறுவப்பட்டு ஓடினால் அடித்தளம் சரி. எடுத்த எடுப்பில் ஃபயர்ஃபாக்ஸைக் கட்டப் போகாதீர்கள். நடுவில் நின்றால் குறை பூட்ஸ்ட்ராப்பிலா, அந்தப் பேக்கேஜிலா என்றே தெரியாது.

கேள்வி: பூட்ஸ்ட்ராப் பாதியில் நின்றது. மறுபடி ஓட்டினால் வொர்க் டைரக்டரி (கட்டும் வேலை நடக்கும் இடம்) ஏற்கெனவே இருக்கிறது என்கிறது.

அதே டைரக்டரியில் `கிளீனப்` என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது. அதை ஓட்டிவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள். முதல் தடவை ஏன் நின்றது என்பதைத் திரையில் மேலே தள்ளிப் பார்த்துவிட்டு அழியுங்கள். கடைசி வரியில் காரணம் இருக்காது, அதற்கு இருபது முப்பது வரி மேலேதான் இருக்கும்.

கேள்வி: மேக் இன்ஸ்டால் என்று கொடுத்தால் "மிஸ்ஸிங் செபரேட்டர்" என்று நின்றுவிடுகிறது.

லினக்ஸில் `மேக்` என்றால் ஜிஎன்யூ மேக். பிகேஜிசோர்ஸின் மேக்ஃபைல்கள் பிஎஸ்டி மேக்குக்காக எழுதியவை. புள்ளியில் தொடங்கும் இன்க்ளூட் வரி ஜிஎன்யூவுக்குப் புரியாது. பூட்ஸ்ட்ராப் உங்களுக்காக `பீமேக்` ஒன்றை நிறுவியிருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். நெட்பிஎஸ்டியில் மட்டும் வெறும் `மேக்` போதும்.

கேள்வி: இறக்கிய கோப்பின் செக்சம் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) பொருந்தவில்லை என்கிறது. மேக்சம் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாமா?

கூடவே கூடாது. `டிஸ்ட்இன்ஃபோ` கோப்பில் உள்ள செக்சமும் பைட் அளவும் பேக்கேஜைப் பராமரிப்பவர் சரிபார்த்துப் போட்டவை. `மேக்சம்` கொடுத்தால் உங்களிடம் இருக்கும் கெட்ட கோப்பையே சரியானது என்று எழுதிவைத்துவிடும்.

இறக்கிய மூலக்கோப்புகள் சேரும் `டிஸ்ட்ஃபைல்ஸ்` டைரக்டரியில் அந்தக் கோப்பின் அளவைப் பாருங்கள். சில மெகாபைட் இருக்க வேண்டியது நான்கைந்து கிலோபைட்தான் இருக்கிறதென்றால் `ஹெட்` கொண்டு முதல் பத்து வரியைப் படியுங்கள். உள்ளே டார் இருக்காது, எச்டிஎம்எல் இருக்கும். கல்லூரி, அலுவலக ப்ராக்ஸியின் லாகின் பக்கம் டார் கோப்பின் பெயரில் வந்து உட்கார்ந்திருக்கும். அழித்துவிட்டு, ப்ராக்ஸியில் லாகின் செய்து, `பீமேக் ஃபெட்ச்` மறுபடி கொடுங்கள். அளவு சரியாக இருந்தும் செக்சம் பொருந்தவில்லை என்றால் மூலக்கோப்பையே யாரோ மாற்றியிருக்கலாம். அப்போது நிறுவாமல் பராமரிப்பவருக்கு எழுதுங்கள்.

கேள்வி: இடம் இல்லாததால் வொர்க் டைரக்டரியை /டெம்ப்-க்கு மாற்றினேன். கட்டுவதற்கு முன் கணினியைச் சோதிக்கும் கான்ஃபிகர் கட்டத்தில் "கேனாட் ரன் சி கம்பைல்டு புரோகிராம்ஸ்" என்று வருகிறது. கம்பைலர் கெட்டுவிட்டதா?

கம்பைலர் நன்றாகத்தான் இருக்கிறது. `மவுண்ட்` கட்டளையைக் கொடுத்து /டெம்ப் வரியைப் பாருங்கள், `நோஎக்ஸெக்` என்று இருக்கும். அங்கே கட்டிய நிரலை அங்கேயே ஓட்ட அனுமதி கிடையாது. கான்ஃபிகர் ஸ்கிரிப்டோ ஒரு குட்டி நிரலைக் கட்டி ஓட்டிப் பார்த்துத்தான் மேலே போகும். எம்கே.கான்ஃப் கோப்பில் `டபிள்யூஆர்கேஓபிஜேடிஐஆர்` மாறியை நோஎக்ஸெக் இல்லாத இடத்துக்குக் கொடுங்கள்.

கேள்வி: சொந்தமாக ஒரு பேக்கேஜ் எழுதுகிறேன். பிஎன்ஜி லைப்ரரி என் பிரீஃபிக்ஸில் இருக்கிறது, ஹெடர் கோப்பும் கண்முன்னே இருக்கிறது. ஆனாலும் கட்டும்போது காணோம் என்கிறது.

நல்ல கேள்வி. பிகேஜிசோர்ஸின் உயிர்நாடியே இங்கேதான் இருக்கிறது.

கட்டும்போது ஓடுவது நேரடியாக ஜிசிசி இல்லை. அதன் முன்னால் ராப்பர் என்ற ஒரு இடைநிலை ஸ்கிரிப்ட் நிற்கும். கம்பைலருக்குப் போகும் ஒவ்வொரு பாதையையும் அது சலிக்கும். நீங்கள் வெளிப்படையாகச் சொல்லாத எந்த லைப்ரரியின் பாதையையும், உங்கள் பிரீஃபிக்ஸின் `இன்க்ளூட்` உட்பட, எடுத்துவிடும். சொன்னவற்றை மட்டும் வொர்க் டைரக்டரிக்குள் `.பில்ட்லிங்க்` என்ற மறைவான டைரக்டரியில் சிம்லிங்க்காக வைக்கும். இதற்கு பில்ட்லிங்க்3 என்று பெயர்.

ஏன் இத்தனை கெடுபிடி என்றால், இது இல்லாவிட்டால் உங்கள் கணினியில் தற்செயலாக இருந்த லைப்ரரியோடு பேக்கேஜ் ஒட்டிக்கொள்ளும். அதே பேக்கேஜ் அடுத்தவர் கணினியில் நிற்காது.

ஆகவே மேக்ஃபைலில் `கிராஃபிக்ஸ்/பிஎன்ஜி`-யின் `பில்ட்லிங்க்3.எம்கே`-யை இன்க்ளூட் செய்யுங்கள். `பிஎஸ்டி.பிகேஜி.எம்கே` வரி எப்போதும் கடைசியாகவே இருக்க வேண்டும், மற்ற இன்க்ளூட்கள் அதற்கு மேலே. கருவிகளுக்கும் இதே கதைதான். பிகேஜி-கான்ஃபிக் இல்லை என்று வந்தால் `யூஸ்_டூல்ஸ்+= பிகேஜி-கான்ஃபிக்` சேருங்கள்.

இன்னும் புரியவில்லையென்றால் வொர்க்குக்குள் `.வொர்க்.லாக்` கோப்பைத் திறந்து பாருங்கள். கான்ஃபிகர் கொடுத்த வரியும், ராப்பர் மாற்றி கம்பைலரிடம் ஒப்படைத்த வரியும் அடுத்தடுத்து இருக்கும். எந்தப் பாதை உதிர்ந்தது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: சர்வரின் ஓஎஸ்-சை அப்கிரேட் செய்தார்கள். மறுநாள் என் நிரல்கள் பாதி ஓடவில்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரி காணோம் என்கின்றன.

பூட்ஸ்ட்ராப்பின்போது `பிரிஃபர்-பிகேஜிசோர்ஸ்` கொடுக்காமல் விட்டிருப்பீர்கள். அப்படிவிட்டால் ஓஎஸ்-சிலேயே போதுமான பதிப்பு இருக்கும் லைப்ரரியை அது எடுத்துக்கொள்ளும். கட்டும் நேரம் மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் ஓஎஸ்-சின் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1-லிருந்து 3-க்குத் தாவியதும் பழைய லைப்ரரி போய்விடும், அதை நம்பியவை எல்லாம் விழும்.

எம்கே.கான்ஃபில் `பிரிஃபர்_பிகேஜிசோர்ஸ்= எஸ்` போட்டு, உடைந்தவற்றை மறுபடி கட்டுங்கள். லினக்ஸில் இதை முதல் நாளே போட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. `எல்டி_லைப்ரரி_பாத்` வைத்து ஒட்டுப்போடாதீர்கள். பிகேஜிசோர்ஸ் நிரல்களுக்கு அது தேவையே இல்லை. அதை வைத்தால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மற்ற நிரல்களும் தவறான லைப்ரரியைப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: இரண்டு ஜிபி ராம் உள்ள விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்). பெரிய சி++ பேக்கேஜ் கட்டும்போது "கில்டு" என்று மட்டும் சொல்லி நிற்கிறது.

நினைவகம் தீர்ந்து கெர்னல் கம்பைலரைக் கொன்றிருக்கிறது. `மேக்_ஜாப்ஸ்= 1` ஆக்குங்கள், இரண்டு ஜிபி ஸ்வாப் சேருங்கள். அப்படியும் முடியாவிட்டால் பெரிய கணினியில் அதே ஓஎஸ், அதே பிரீஃபிக்ஸ் வைத்து `பீமேக் பேக்கேஜ்` கொடுத்து, வரும் கோப்பை இங்கே `பிகேஜி_ஆட்` மூலம் நிறுவுங்கள்.

கேள்வி: ஆப்பிள் மேக்கில் /யூஎஸ்ஆர்/பிகேஜி-க்குள் எழுத முடியவில்லை, ரூட்டாக இருந்தும்.

எல் கேப்பிட்டன் என்ற மேக் ஓஎஸ் பதிப்பு முதல் ஆப்பிள் /யூஎஸ்ஆர்-ஐப் பூட்டிவிட்டது. பாதுகாப்பை அணைக்க வேண்டாம். /ஆப்ட்/பிகேஜி-யைப் பிரீஃபிக்ஸாக வையுங்கள். கம்பைலருக்காக `எக்ஸ்கோட்-செலக்ட் --இன்ஸ்டால்` முதலில்.

கேள்வி: எல்லாவற்றையும் கட்ட நேரமில்லை. பிகேஜின் (ஏற்கெனவே கட்டிய பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் கருவி) மூலம் ரெடிமேட் பேக்கேஜ் எடுத்து, வேண்டியதை மட்டும் சோர்ஸிலிருந்து கட்டலாமா?

செய்யலாம், ஒரு நிபந்தனையோடு. பைனரி ரெப்பாசிட்டரி எந்தக் காலாண்டோ உங்கள் சோர்ஸ் மரமும் (அவிழ்த்த பிகேஜிசோர்ஸ் டைரக்டரியும்) அதே காலாண்டாக இருக்க வேண்டும், பிரீஃபிக்ஸும் ஒன்றாக இருக்க வேண்டும். ரெப்பாசிட்டரி முகவரி பிரீஃபிக்ஸுக்குள் `ஈடிசி/பிகேஜின்/ரெப்பாசிட்டரீஸ்.கான்ஃப்` கோப்பில் இருக்கும், காலாண்டுப் பெயரும் பெரும்பாலும் அந்த முகவரியிலேயே தெரியும். 2024கியூ4 பைனரிகளோடு கரன்ட்டிலிருந்து கட்டியதைக் கலந்தால், நிறுவுகிற அன்று ஒன்றும் ஆகாது. ஏதோ ஒரு நாள் `பிகேஜின் அப்கிரேட்` கொடுக்கும்போது லைப்ரரிப் பதிப்புகள் முட்டிக்கொள்ளும்.

கேள்வி: அடுத்த காலாண்டுக்கு எப்படி மாறுவது?

புதிய டாரைப் பழையதன் மேலேயே அவிழ்க்காதீர்கள். நீக்கப்பட்ட கோப்புகள் அங்கேயே தங்கிக் குழப்பும். புது டைரக்டரியில் அவிழுங்கள். `டிஸ்ட்டிஐஆர்` மாறியைக் கொண்டு டிஸ்ட்ஃபைல்ஸை மரத்துக்கு வெளியே வைத்திருந்தால் இறக்கியவை வீணாகாது. பிறகு `பிகேஜிடூல்ஸ்/பிகேஜி_ரோலிங்-ரீப்ளேஸ்` நிறுவி `-யூவி` கொடுத்து ஓட்டுங்கள். எது எதை நம்பியிருக்கிறதோ அந்தச் சார்பு வரிசைப்படி ஒவ்வொன்றாகக் கட்டி மாற்றும். நடுவில் ஒன்று உடைந்தால் கணினி அரைகுறையாக நிற்கும் என்பதுதான் இதன் குறை.

ஐந்தாறு காலாண்டு விட்டுத் தாவுகிறீர்கள் என்றால் வேறு பிரீஃபிக்ஸில் புதிதாக பூட்ஸ்ட்ராப் செய்வதையே சொல்வேன். `பிகேஜி_இன்ஃபோ -யூ` நீங்களாகக் கேட்டு நிறுவியவற்றை மட்டும் பட்டியலிடும், சார்புக்காக வந்தவற்றை விட்டுவிடும். அந்தப் பட்டியலைப் புதிதில் கட்டி, ஓடுவதைப் பார்த்தபின் பாத்தை மாற்றினால் போதும்.

கேள்வி: பாதுகாப்புக் குறைகளைப் பற்றி அது எச்சரிக்குமா?

`பிகேஜி_அட்மின் ஃபெட்ச்-பிகேஜி-வல்னரபிலிட்டீஸ்` பட்டியலை இறக்கும், `பிகேஜி_அட்மின் ஆடிட்` ஒப்பிட்டுச் சொல்லும். இரண்டையும் தினமும் கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் சேவையில்) ஓட விடுங்கள்.

கேள்வி: என்ஜின்எக்ஸ் வெப் சர்வரை நிறுவினேன். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்சிடிஎல் அதைத் தெரியாது என்கிறது.

சிஸ்டம்டி யூனிட் கோப்பு பேக்கேஜோடு வராது, நாமே எழுத வேண்டும். எக்ஸெக்ஸ்டார்ட்டில் முழுப் பாதையைக் கொடுங்கள். லினக்ஸ் விநியோகத்தின் சொந்த என்ஜின்எக்ஸும் இருந்தால் யூனிட்டுக்கு வேறு பெயர் வையுங்கள். அமைப்புக் கோப்பின் மாதிரி `ஷேர்/எக்ஸாம்பிள்ஸ்`-க்குள் இருக்கும், நீங்கள் திருத்த வேண்டியது பிரீஃபிக்ஸின் `ஈடிசி`-யில் உள்ள பிரதியை. நீங்கள் திருத்தியதை அப்டேட்டும் அழிக்காது, அன்இன்ஸ்டாலும் அழிக்காது.

கேள்வி: வேண்டாமென்றால் முழுவதும் நீக்குவது எப்படி?

ரூட் இல்லாமல் நிறுவியிருந்தால் பிரீஃபிக்ஸ் டைரக்டரியையும் சோர்ஸ் மரத்தையும் அழித்து, பாத் வரியை எடுத்துவிடுங்கள். பேக்கேஜ் பதிவேடும் இப்போது பிரீஃபிக்ஸுக்குள் `பிகேஜிடிபி` என்றே இருக்கிறது. பழைய காலாண்டில் ரூட்டாக நிறுவியது என்றால் /வார்/டிபி/பிகேஜி-யையும் ஒருமுறை பாருங்கள்.